பழம் வைக்கக் கூடாத ஃப்ரிட்ஜ்

அந்த வீட்டு கராஜ் ஃப்ரிட்ஜில் பழம் வைக்கக் கூடாது. பீர் வைக்கலாம், இட்லி மாவு வைக்கலாம், போன வாரத்துச் சாம்பார் வைக்கலாம், ஊரிலிருந்து வந்த கருவாட்டைக்கூட நாலு பைக்குள் சுற்றி வைக்கலாம். பழம் மட்டும் கூடாது. இது தெரியாமல், அந்த வீட்டில் வேலைக்குப் போன முதல் நாளே, மதியத்துக்கு எடுத்துப் போயிருந்த வாழைப்பழத்தை உள்ளே வைத்துவிட்டுப் புல் வெட்டப் போனேன்.

பாதிப் புல் வெட்டியிருப்பேன். என் மெஷின் போடுகிற சத்தத்தில் பக்கத்தில் இடி விழுந்தாலும் எனக்குக் கேட்காது. திடீரென்று அவர் முன்னால் வந்து நின்றார். ஐம்பதை ஒட்டிய வயது, கட்டம் போட்ட சட்டை, கழுத்தில் ஆபீஸ் அட்டை. கையில் என் வாழைப்பழம். திருடனைப் பிடித்து வந்த மாதிரி காம்பைப் பிடித்துத் தூக்கியிருந்தார்.

"தம்பி, இது உங்களுதுங்களா?"

"ஆமா சார். பசிக்குதா? சாப்பிடுங்க."

"ஃப்ரிட்ஜ்ல பழம் வெக்காதீங்க தம்பி. உள்ள பூ இருக்குது."

நான் போய்ப் பார்த்தேன். கீழ்த் தட்டு ட்ராயரில், பேப்பர் பைக்குள், பழுப்புத் தோலோடு உருண்டை உருண்டையாகக் கிடந்தன.

"சார், இது வெங்காயம்."

"பூவுங்க."

"பாத்தா வெங்காயம் மாதிரி இருக்கு."

அவர் வாதாடுகிற ஆள் இல்லை. ஒன்றை எடுத்தார். கராஜ் மேஜை மேல் வைத்து, பேனாக்கத்தியால் நேர் நடுவில் பிளந்தார். உள்ளே வெள்ளைச் சதை, அடுக்கடுக்காக. நட்ட நடுவில், அரிசி முனை அளவுக்கு ஒரு சின்னக் கூம்பு.

"இதுதானுங்க டூலிப். பூ இப்பவே உள்ள ரெடியா இருக்குது. இந்த ஊருல குளிர் பத்தாது பாருங்க, அதனால ஃப்ரிட்ஜ்ல வெச்சு, குளிர்காலம் வந்துருச்சுன்னு இதை நம்ப வெக்கோணும். ஜனவரில நட்டா மார்ச்ல பூக்கும். ஆனா பழம் பழுக்கும்போது ஒரு காத்து விடுமுங்க. நம்ம மூக்குக்குத் தெரியாது. அது பட்டா உள்ள இருக்கற பூ செத்துரும். வெளிய ஒண்ணுமே தெரியாது. கிழங்கு கல்லாட்டம் இருக்கும். எல வரும். பூ மட்டும் வராது."

என் மூச்சுக்காற்றும் படக் கூடாதோ என்று நான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டேன்.

என்னைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் ஏமாற வேண்டாம். ஒன்பதாம் வகுப்பை நான் தூரத்திலிருந்து பார்த்தவன். சாத்தூர்ப் பக்கம் லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். என் அத்தை மகள் ஹூஸ்டனில் நர்ஸ், அமெரிக்கச் சிட்டிசன். அவளுக்கு மாப்பிள்ளை அமையவில்லை, எனக்கு வேலை அமையவில்லை. பெரியவர்கள் இரண்டு கஷ்டத்தையும் ஒன்றாகக் கட்டி வைத்தார்கள். ஊரில் மாப்பிள்ளைக்கு மோதிரம் போடுவார்கள், எனக்கு கிரீன் கார்டு போட்டார்கள். சிரமம் தெரியாமல் வந்தது. கல்யாணப் புகைப்படத்தில் நான் முழிக்கிற முழியைப் பார்த்து, இது நாடகக் கல்யாணமாக இருக்க முடியாது, எந்த நடிகனும் இவ்வளவு மோசமாக நிற்க மாட்டான் என்று அதிகாரிகளே நம்பிவிட்டார்கள்.

அப்புறம் ஹூஸ்டனை ஒட்டிய கேட்டி என்ற ஊரில் ஒரு பழைய டிரக்கும் புல் வெட்டும் மெஷினும் வாங்கித் தொழில் ஆரம்பித்தேன். புல்லைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. ஆனால் தெரியாது என்பதைத் தமிழில் சொல்வேன். அதனால் தமிழ் வீடுகளெல்லாம் என்னைக் கூப்பிட்டன.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் கேட்டியில் பாதிப் பேர் போன் போட்டு அவருக்கு வாசித்தே காட்டிவிடுவார்கள். ஈரோட்டுப் பக்கத்துக்காரர். பெரிய படிப்பு. ஒரு எண்ணெய்க் கம்பெனியின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. எட்டு வயதுப் பையனைக்கூட 'வாங்க' என்பார். என்னையும் அப்படித்தான். என்னை 'வாங்க' என்று கூப்பிட்டவர்கள் அதற்கு முன் இரண்டே வகை: போலீஸ்காரரும் கடன் கொடுத்தவரும்.

அந்த வீட்டுக்குள் போனால் ஒரு விஷயம் கண்ணில் படும். சோபாவின் பிளாஸ்டிக் உறையைப் பிரித்திருக்க மாட்டார்கள். உட்கார்ந்தால் கரகரவென்று சத்தம் வரும். சுவரில் ஒரு ஆணி கிடையாது. குடும்பப் போட்டோ பெரிய சட்டம் போட்டுத் தரையில் சுவரோடு சாய்ந்து நிற்கும். கராஜில் டிவி வந்த அட்டைப்பெட்டி, மைக்ரோவேவ் வந்த அட்டைப்பெட்டி, மிக்ஸி வந்த அட்டைப்பெட்டி, எல்லாம் தெர்மாக்கோலோடு பத்திரமாக இருக்கும்.

"சார், போட்டோவை மாட்டிக் குடுக்கட்டா? ட்ரில்லர் வண்டியிலதான் இருக்கு."

"அடுத்த வருஷம் பாத்துக்கலாமுங்க. கார்டு வந்துரட்டும்."

அதுதான் அவர். எதைக் கேட்டாலும் அடுத்த வருஷம். பின்பக்கம் கூரை போடுவது, அக்காவுக்கு, அதாவது அவர் மனைவிக்கு, புதுக் கார், ஊருக்கு ஒரு நடை போய்வருவது, எல்லாமே அடுத்த வருஷத்தில் இருந்தன. இந்த வருஷத்தில் அவர் ஆபீஸுக்கு மட்டும் போய்வந்துகொண்டிருந்தார்.

அது சோம்பேறித்தனம் இல்லை. கிரீன் கார்டுக்கு அவர் வரிசையில் நின்றார். இந்தியாவிலிருந்து வந்தவர்களின் வரிசை ரொம்ப நீளம். மாசத்துக்கு ஒரு முறை அரசாங்கம் ஒரு தேதியை வெளியிடும். அந்தத் தேதிக்கு முன்னால் விண்ணப்பம் போட்டவர்கள் உள்ளே வரலாம், மற்றவர்கள் நிற்க வேண்டும். நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தபோதே அவர் பல வருஷமாக நின்றுகொண்டிருந்தார். பொறுமையாக நிற்கலாம்தான். ஆனால் அவருக்கு ஒரு மகள் இருந்தாள். நாலு வயதில் இந்த நாட்டுக்குத் தூக்கி வந்த பிள்ளை. அப்பாவின் விண்ணப்பத்தில்தான் அவளும் தொற்றிக்கொண்டிருந்தாள். இருபத்தொன்று முடிந்தால் அவள் குழந்தை இல்லை என்று அதிலிருந்து கீழே இறக்கிவிடுவார்கள். அதற்குள் அவர் வரிசை வந்தாக வேண்டும். வீட்டில் எல்லாருக்கும் தெரியும், யாரும் பேசமாட்டார்கள். அவள் மட்டும்தான் பேசுவாள்.

"அங்கிள், எனக்கு எக்ஸ்பைரி டேட் இருக்கு. மில்க் மாதிரி."

"பாப்பா, அப்படிச் சொல்லாத."

"பாப்பாவா? அங்கிள், ஐ'ம் நைன்டீன்."

"சரி, பெரிய பாப்பா."

டூலிப் வந்ததே அவளால்தான். அவர்கள் முதலில் நியூ ஜெர்சியில் ஒரு அபார்ட்மென்டில் இருந்தார்களாம். பனி உருகுகிற சமயத்தில் வாசல் ஓரமாக யாரோ எப்போதோ நட்டுவிட்டுப் போன டூலிப் தானாக முளைத்துச் சிவப்புச் சிவப்பாக நிற்கும். பிள்ளை அதற்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். அப்புறம் வேலை மாறி டெக்சாஸ் வந்தார்கள். இங்கே வந்த முதல் மார்ச்சில், "என் ஃப்ளவர் எங்கப்பா?" என்று கேட்டிருக்கிறாள். இவர், "அடுத்த வருஷம் வந்துரும் கண்ணு" என்று சொல்லியிருக்கிறார். சொன்னதைக் காப்பாற்ற, அவள் அறை ஜன்னலுக்குக் கீழே ஒரு பாத்தி.

டூலிப் வாங்குகிற பையின் மேல் அது வருஷா வருஷம் தானாகவே வரும் செடி என்று அச்சடித்திருக்கும். அவர் அதை நம்பினார். அச்சில் இருக்கிற எதையும் நம்புவார். ஆனால் கேட்டியில் அது நடக்காது. ஃப்ரிட்ஜில் வைத்துக் குளிரூட்டி நட்டால் முதல் வருஷம் பூக்கும். அப்புறம் அந்த வெயிலிலும் களிமண்ணிலும் கிழங்கு சுருங்கிப்போகும். அடுத்த வருஷம் இலை மட்டும். அதற்கடுத்த வருஷம் ஒல்லியாக ஒரே இலை. பக்கத்து வீட்டில் நாயோடு தனியாக இருந்த வெள்ளைக்காரர் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து வருஷந்தோறும் சொல்வார், பூத்து முடிந்ததும் பிடுங்கிக் குப்பையில் போடு, இங்கே எல்லாரும் அப்படித்தான் செய்கிறோம் என்று. இவர் சிரித்துத் தலையாட்டிவிட்டுப் பிடுங்காமல் வந்துவிடுவார்.

ஒரு முறை பாத்தி ஓரம் காய்ந்த இலைகளைச் சுத்தம் பண்ணலாமே என்று மெஷினைத் திருப்பினேன். செருப்பில்லாமல் ஓடி வந்தார்.

"வெட்டாதீங்க, வெட்டாதீங்க! எல மஞ்சளாகி அதுவா விழற வரைக்கும் தொடக் கூடாதுங்க. இந்த எல சம்பாதிச்சுக் குடுக்கறத வெச்சுத்தான் கிழங்கு அடுத்த வருஷத்துக்குப் பூ பண்ணும்."

"சார், போன வருஷமும் இதான சொன்னீங்க. பூ பண்ணலையே."

"அடுத்த வருஷம் பண்ணுமுங்க."

"புதுசா வாங்கி நட்டதெல்லாம் ஜம்முனு பூத்திருக்கே. அது போதாதா?"

"புதுசு பூக்கறது கடைக்காரன் வேலைங்க தம்பி. பழசு பூத்தாத்தான் அது நம்ம மண்ணுல நின்னுருச்சுன்னு அர்த்தம்."

நான் வீட்டுக்குப் போய் இதை என் பெண்டாட்டியிடம் சொன்னேன். அவள் பன்னிரண்டு மணி நேர டூட்டி முடித்து வந்து கால் நீட்டியிருந்தாள். "மச்சான், அவர் பூவப் பத்திப் பேசல" என்றாள். "பின்ன?" என்றேன். அதற்குள் தூங்கிப்போயிருந்தாள். எனக்கு விளங்க இரண்டு நாள் ஆனது. எனக்கு அது வேகம்தான்.

நடவு நாள் என்பது அந்த வீட்டில் ஒரு திருவிழா. ஜனவரி முதல் வாரம், சனிக்கிழமை. அவர் பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்று வைத்திருப்பார். குழி ஆறு அங்குலம். கேட்டி மண் ஈரத்தில் அல்வா, காய்ந்தால் சிமென்ட். நான் குழி தோண்டுவேன், அவர் ஸ்கேலை விட்டுப் பார்த்து, "இன்னும் கொஞ்சமுங்க" என்பார். மகள் காலேஜிலிருந்து வந்திருந்தால் படியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே வர்ணனை கொடுப்பாள்.

முதல் தடவை என்னையும் நடச் சொன்னார். ஒரு வரிசை நட்டேன். சந்தேகம் வந்து தோண்டிப் பார்த்தார். பாதி தலைகீழாக இருந்தது.

"தம்பி, கூர் மேல வரோணுமுங்க. இப்படி நட்டா சைனாவுல போய்ப் பூக்கும்."

"அங்க பூத்தாலும் நம்ம பூதான சார்."

"அங்கிள், யூ ஆர் ஃபயர்ட்" என்றாள் மகள். அக்கா உள்ளேயிருந்து வடை கொண்டுவந்தாள். எனக்கு அதற்குப் பிறகு குழி தோண்டும் வேலை மட்டும்தான். ஒவ்வொரு கிழங்கையும் குழிக்குள் வைக்கும்போது அவர் உதடு அசையும். சாமி கும்பிடுகிறார் என்றுதான் நினைத்தேன். "ஹீ டாக்ஸ் டு தெம்" என்றாள் மகள். "என்ன சொல்றாரு?" என்று கேட்டேன். "'வந்துரு' அப்படின்னு சொல்றார்."

அவளுக்கு இருபத்தொன்று முடிகிற வருஷம் வந்தது. பிறந்தநாள் மார்ச்சில். முந்தின கோடையில் அரசாங்கத்தின் அந்தத் தேதி ஒரே தாவலில் பல மாதம் முன்னால் போய், அவர் விண்ணப்பத் தேதிக்குப் பக்கத்தில் வந்து நின்றது. வக்கீல் பேப்பரெல்லாம் எடுத்து வைக்கச் சொல்லிவிட்டார். நான் புல் வெட்ட வாசலில் வண்டியை நிறுத்தினதும் அவரே இறங்கி வந்தார். நடையே வேறு மாதிரி இருந்தது.

"தம்பி, இந்த வருஷம் வந்துருமுங்க."

அவர் வாயிலிருந்து 'இந்த வருஷம்' என்று நான் கேட்டது அதுதான் முதல் முறை. கையைக் குலுக்கினேன்.

அந்த முறை டூலிப் கிழங்கு வழக்கத்தைவிட ரொம்ப அதிகமாக வாங்கினார். மார்ச்சில், அவள் பிறந்தநாளுக்கு, ஜன்னலுக்குக் கீழே பாத்தி முழுக்கச் சிவப்பாக நிற்க வேண்டும். பழைய கிழங்குகளையும் தோண்டியெடுத்து மண் தட்டிக் கூடவே வைத்தார். ட்ராயர் கொள்ளவில்லை. பீரையும் மாவையும் வெளியேற்றி இன்னொரு தட்டும் பிடித்தார்.

அப்போது நவராத்திரி வந்தது. ஊரில் அவர்கள் வீட்டில் கொலு வைக்கும் வழக்கம் கிடையாது. அது அமெரிக்கா வந்து தோழிகளைப் பார்த்து அக்கா பிடித்துக்கொண்ட வழக்கம். ஐந்து படி. ஒன்பது நாளும் பட்டுப்புடவைகள் காரில் வந்து இறங்கும். இவள் நாலு வீட்டுக்குப் போவாள், நாற்பது பேர் இவள் வீட்டுக்கு வருவார்கள். வருகிற போகிற எல்லாக் கையிலும் வெற்றிலை பாக்குப் பை. பைக்குள் தேங்காய், ஆப்பிள், வாழைப்பழம். அந்த முறை மகளுக்காக வேண்டிக்கொண்டு அக்கா கொலுவை இன்னும் விமரிசையாக நடத்தினாள். பழம் குவிந்தது. உள்ளே ஃப்ரிட்ஜில் சுண்டல் பாத்திரங்கள். கூட மாட உதவிக்கு வந்த தோழி ஒருத்தி நல்ல மனதோடு அத்தனை பழத்தையும் கொண்டுபோய் கராஜ் ஃப்ரிட்ஜில், காலியாகத் தெரிந்த சந்து பொந்திலெல்லாம் அடுக்கிக் கதவைச் சாத்திவிட்டாள்.

கொலு முடிந்தது. அக்காவுக்கு அசதி. அவருக்கு ஆபீஸ், கார்டுக்கான மருத்துவப் பரிசோதனை, பேப்பர். யாரும் அந்தக் கதவைத் திறக்கவில்லை. தீபாவளிக்கு முன்னால் நான்தான் தண்ணீர் எடுக்கத் திறந்தேன். ஆப்பிள் வாசனை முகத்தில் அடித்தது. வாழைப்பழங்கள் கறுத்துக் கிழங்குப் பைகள் மேலேயே சாய்ந்து கிடந்தன. கதவைச் சாத்தினேன். மறுபடி திறந்தேன். மாறவில்லை.

அவர் வந்து பார்த்தார். ஒவ்வொரு பழமாக எடுத்து வெளியே வைத்தார். அக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏனுங்க, தெரியாம நடந்துருச்சுங்க. சாமிக்கு வெச்ச பழமுங்க அது. அது கெடுதல் பண்ணாதுங்க."

"ஆமா, பண்ணாது. நீ போய் வேலையப் பாரு" என்றார்.

கராஜ் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு கிழங்காக எடுத்து விரலால் அழுத்திப் பார்த்தார். எல்லாம் கெட்டியாக, தோல் பளபளப்பாக, முன்னைவிட நன்றாகவே இருந்தன.

"சார், ஒண்ண வெட்டிப் பாத்துருவோமே. அன்னிக்கு எனக்குக் காட்டுன மாதிரி. உள்ள இருக்கா இல்லையான்னு தெரிஞ்சுருமே."

பேனாக்கத்தி அவர் பக்கத்திலேயே மேஜை மேல் இருந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேண்டாமுங்க தம்பி."

"புதுசு வாங்கிரலாம் சார்."

"இனி வாங்கினா குளிர் பத்தாதுங்க. நேரம் போயிருச்சு. இதையே நட்டுருவோம். மார்ச்சுல பாத்துக்கலாம்."

ஜனவரியில் நட்டோம். அந்த வருஷம் ஸ்கேல் எடுத்து வரவில்லை. நானே ஆறு அங்குலம் தோண்டினேன், கூர் மேலே வருகிற மாதிரி வைத்தேன். பிப்ரவரியில் முளை வந்தது. என்ன முளை! அப்படி ஒரு இலையை அந்தப் பாத்தியில் நான் பார்த்ததே இல்லை. அகலமாக, நீலம் கலந்த பச்சையில், திமுதிமுவென்று வந்தது. நான் ஓடிப்போய் மணி அடித்தேன்.

"சார்! பழமாவது காத்தாவது! வந்து பாருங்க!"

அவரும் சிரித்தார். அதற்குப் பிறகு நான் எப்போது போனாலும் பாத்திக்கு முன்னால் குந்தியிருப்பார். இலைகளை விரலால் விலக்கி விலக்கி, பிள்ளை தலையில் பேன் பார்க்கிற மாதிரி, நடுவில் மொட்டு இருக்கிறதா என்று பார்ப்பார். ஒரு நாள் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் சிணுங்கியது. எடுத்துப் பார்த்தார். பார்த்துவிட்டுப் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மறுபடியும் இலையை விலக்கினார்.

"என்ன சார்?"

"தேதிங்க. பின்னாடி போயிருச்சு."

"எவ்வளவு?"

"போன கோடைக்கு முன்னாடி இருந்ததுக்கும் பின்னாடிங்க."

எனக்கு வாயில் எப்போதும் ஏதாவது ஒரு உளறல் தயாராக இருக்கும். அன்று, "புல்லு நல்லா வளந்திருக்கு சார்" என்பதுதான் வந்தது.

பிறந்தநாளுக்கு என்னையும் என் பெண்டாட்டியையும் கூப்பிட்டிருந்தார்கள். வேறு யாரும் இல்லை. பாத்தியில் முழங்கால் உயரத்துக்கு இலை. ஒரு பூ கிடையாது. அங்கேயே போட்டோ எடுக்க வேண்டும் என்று மகள் பிடிவாதம் பிடித்தாள். நாலு பேரையும் நிறுத்தி நான்தான் எடுத்தேன்.

"சாரி கண்ணு" என்றார் அவர். "பூ வரல."

"இட்ஸ் ஓகேப்பா. உங்களுக்கு கிரீன்தானே பிடிக்கும்."

அவளே முதலில் சிரித்தாள். அப்புறம் எல்லாரும் சிரித்தோம். அவர்தான் கடைசியில் நிறுத்தினார். உள்ளே வந்து, மெழுகுவர்த்தி ஏற்றிய பிறகு, அவள் சொன்னாள்.

"அப்பா, டொரான்டோல மாஸ்டர்ஸுக்கு அட்மிஷன் வந்திருக்கு. ஐ செட் யெஸ்."

"இங்கியே ஸ்டூடன்ட் விசால இருக்கலாமே சாமி. அடுத்த வருஷம் தேதி மறுபடியும்..."

"அப்பா. அடுத்த வருஷம்னு ஒண்ணு எனக்கு இல்லப்பா. இட்ஸ் ஓவர். நேத்தோட முடிஞ்சிருச்சு." அவள் இவ்வளவு தமிழ் சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டதில்லை. "நான் இந்த வெயிட்டிங் ரூம்லயே வளந்துட்டேன். போறேன்பா."

"மெழுகு உருகுது சாமி, கேக்கை வெட்டு" என்றாள் அக்கா. வெட்டினாள். முதல் துண்டை அப்பா வாயில் ஊட்டினாள். அவர் மென்றுகொண்டே இருந்தார். பிளாஸ்டிக் சோபா மட்டும் கரகரவென்றது.

ஆகஸ்டில் கிளம்பினாள். சாமான் கட்ட நானும் போனேன். என்றைக்காவது திரும்பிப் போக நேர்ந்தால் டிவியைக் கட்ட வேண்டுமே என்று வைத்திருந்த அட்டைப்பெட்டியில் அவளுடைய போர்வைகளும் குளிர்க்கோட்டும் போயின. மிக்ஸி பெட்டியில் மிக்ஸியே போனது. தரையில் நின்றிருந்த குடும்பப் போட்டோவையும் அவள் தூக்கிக்கொண்டாள். சட்டத்தின் பின்னால் கம்பி புதுசாகப் பளபளத்தது. ஒரு ஆணியையும் அது பார்த்ததில்லை. "அங்க போய் மாட்டிக்கறேன்" என்றாள்.

அவரால் போய்ப் பார்க்க முடியாது. நாட்டை விட்டு வெளியே போனால் திரும்பி வருவதற்குப் புதிதாக விசா முத்திரை குத்தச் சொல்லலாம். குத்தப் போன இடத்தில் மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டு வேலையைத் தொலைத்தவர்கள் கதை கேட்டியில் எல்லார் வீட்டிலும் ஒன்று உண்டு. அக்கா தினமும் ஒரு முறை கேட்பாள், எப்போது போகிறோம் என்று. அவர் சொல்வது உங்களுக்குத் தெரியும்.

அடுத்த மே மாதம் நான் பின்பக்கம் வேலி சரிபண்ணிக்கொண்டிருந்தபோது வீடியோ கால் வந்தது. அவர் வெளியே வந்து வெளிச்சத்தில் நின்று பேசினார். என்னையும் கூப்பிட்டார். போனில் அவள் குல்லாய் போட்டுக்கொண்டு ஒரு பழைய செங்கல் வீட்டு வாசலில் நின்றாள். காமிராவைத் திருப்பினாள். படி ஓரமெல்லாம் டூலிப். சிவப்பு, மஞ்சள், பெயர் தெரியாத கலரெல்லாம். குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில்கூட இரண்டு நின்றன.

"அப்பா, லுக்! யாரும் ஒண்ணுமே பண்ணல. லாண்ட்லேடி பத்து வருஷமா தொட்டதே இல்லையாம். தானா வருதாம்."

"தானாவா?"

"தானா. ஃப்ரிட்ஜ் எல்லாம் இல்லப்பா. வெளியவே ஃப்ரிட்ஜ்தான்."

அவர் போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

"எல ஆரோக்கியமா இருக்குது" என்றார். "பூத்து முடிஞ்சதும் எலய வெட்ட வேண்டாம்னு அந்தம்மாகிட்டச் சொல்லு கண்ணு."

"அவங்க எதையும் வெட்ட மாட்டாங்கப்பா. ரொம்ப லேஸி." போனைப் பிடித்தபடியே நடந்தாள், படம் ஆடியது. "நெக்ஸ்ட் இயர் நீங்களும் அம்மாவும் வாங்கப்பா. அடுத்த வருஷம், இதே டைம். வருவீங்களா?"

அவர் வாய் திறந்தது. வழக்கமான அந்த வார்த்தைக்காக நானும் காத்திருந்தேன்.

"பாக்கலாம் கண்ணு" என்றார்.

அந்த செப்டம்பரில் கிழங்கு வாங்கவில்லை. பாத்தியைக் காட்டி, "புல்லு போட்டுருங்க தம்பி" என்றார். நான் இரண்டு தடவை கேட்டேன். இரண்டு தடவையும் அதையேதான் சொன்னார். பாய் மாதிரி சுருட்டி விற்கிற புல்லை வாங்கி வந்து, மண்ணைக் கொத்தாமல் அப்படியே மேலே விரித்து, தண்ணீர் விட்டேன். ஒரு மாதத்தில் அங்கே பாத்தி இருந்த அடையாளமே தெரியவில்லை.

நாங்கள் டாலஸ் பக்கம் மாறுவதற்கு முன், கடைசியாக அங்கே வேலை செய்தது பிப்ரவரியில். ஜன்னலுக்குக் கீழே மெஷினைத் தள்ளிக்கொண்டு போனவன் நிறுத்திவிட்டேன். புல்லைத் துளைத்துக்கொண்டு அங்கங்கே ஒல்லியாக, நீலப் பச்சையில், ஒற்றை இலைகள் நின்றன. தோண்டாமல் விட்ட பழசு. மெஷினை அணைத்துவிட்டு, "சார்!" என்று கத்தினேன்.

கராஜ் கதவு திறந்திருந்தது. ஃப்ரிட்ஜ் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. ஒரு கையில் கடித்த ஆப்பிள், இன்னொரு கையில் கடிக்காத ஆப்பிளோடு வந்தார். கடிக்காததை என்னிடம் நீட்டினார். ஜில்லென்று இருந்தது.

"ட்ராயர்ல வெச்சா நல்லா இருக்குதுங்க" என்றார்.

நான் இலைகளைக் காட்டினேன். குந்தவில்லை, விலக்கிப் பார்க்கவில்லை. நின்ற இடத்திலிருந்தே பார்த்தார். ஆப்பிளை இன்னொரு கடி கடித்தார்.

"சுத்தி வெட்டிட்டுப் போயிரட்டா சார்? இத விட்டுட்டு?"

"வெட்டிருங்க தம்பி."

"மஞ்சளாகல சார் இன்னும்."

"பரவால்லீங்க. வெட்டிருங்க."

ஆப்பிளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மெஷினைக் கிளப்பினேன். வெட்டினேன். அவர் அங்கேயே நின்று சாப்பிட்டு முடித்தார். திரும்பிப் பார்த்தபோது ஜன்னலுக்குக் கீழே புல் ஒரே மட்டமாக இருந்தது.